திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு: வந்த ஆள் ஏன் மூன்றாம் மாதம் மூட்டை கட்டுகிறார்?

ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பாத பனியன் கம்பெனி திருப்பூரில் இல்லை. கிடைத்த ஆள் ஏன் நிற்பதில்லை என்று உட்கார்ந்து யோசிக்கிற கம்பெனிகள்தான் குறைவு. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் தையல் லைன்களில் உட்கார்ந்திருப்பவர்கள் பற்றி மேனேஜர்களும் எச்.ஆர். ஆட்களும் சூப்பர்வைசர்களும் படிக்கட்டும் என்றே இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தப்பு வேலைக்குச் சேரும் படிவத்திலேயே நடக்கிறது. "மாநிலம்" என்று ஒரு கட்டம் இருக்கும், அதோடு சரி. அடுத்த நாளிலிருந்து அவர் "இந்திக்காரர்". ஆனால் ஜார்க்கண்டின் தும்காவிலிருந்து வந்த பெண்ணின் வீட்டுமொழி சந்தாலி. அதே மாநிலத்தின் குந்தியிலிருந்து வந்தவருக்கு முண்டாரி, ஒடிசாவின் பலாங்கீர்காரருக்குச் சம்பல்புரி, பீகாரின் தர்பங்காக்காரருக்கு மைதிலி. கும்லாவிலிருந்து வரும் ஓராவோன் பெண் வீட்டில் பேசும் குடுக், தமிழைப் போலவே திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இவர்களில் பலருக்கு இந்தி இரண்டாம் மொழி, சிலருக்கு மூன்றாம் மொழி. சூப்பர்வைசர் தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொல்வார், அந்தப் பெண் தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டுத் தலையாட்டுவார். இரண்டு பேருமே புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். பீஸ் ரிஜெக்ட் ஆகும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

படிவத்தில் இன்னும் மூன்று கட்டம் சேருங்கள்: மாவட்டம், வீட்டில் பேசும் மொழி, வாசிக்கத் தெரிந்த எழுத்து. மூன்றாவது கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒடியா எழுத்து வேறு, தேவநாகரி வேறு, வங்காள, அசாமிய எழுத்துகள் வேறு, சந்தாலிக்கு ரகுநாத் முர்மு 1925-இல் உருவாக்கிய ஓல் சிக்கி வேறு. எதுவுமே சரளமாக வாசிக்க வராதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு இந்தியில் நோட்டீஸ் அடித்து ஒட்டினாலும் தமிழில் ஒட்டினாலும் ஒன்றுதான். ஒரு நிமிடக் குரல்பதிவு போதும். அதே மொழிக்காரர் ஒருவரைப் பேசவைத்து லைன் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள்.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 108-ஆம் பிரிவில், அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. அந்தப் பழக்கத்தில்தான் இன்றும் பலகை மாட்டுகிறோம். சிறுபான்மையாக இருப்பவருக்குப் புரிகிறதா என்று கேட்கும் கடமை சட்டத்தின் அந்த வரியில் இல்லை. ஆனால் தீப்பிடித்தால் ஓட வேண்டியவர்களில் அவரும் ஒருவர். தீ ஒத்திகையில் மைக்கில் தமிழ் மட்டும் ஒலிக்கிற யூனிட் இருந்தால் அதை இந்த வாரமே மாற்றுங்கள்.

அடுத்தது பெயர். நம் ஊர் வழக்கப்படி ஆபீஸில் இருப்பவர், சேர்கிற எல்லோருக்கும் ஒரு இனிஷியல் போட்டுவிடுவார். முர்மு, ஹேம்ப்ரம், கிஸ்கு என்ற குலப்பெயர்கள் பி.எஃப். பதிவில் "எம்", "எச்", "கே" என்று சுருங்கிவிடும். ஆதாரில் முழுப்பெயர் இருக்கும். இரண்டும் பொருந்தாது. வேலையை விட்டுப்போய்ப் பணம் எடுக்க விண்ணப்பிக்கும்போது அது திருப்பி அனுப்பப்படும். அப்போது அவர் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பார். ஆதாரில் உள்ளதை எழுத்து மாறாமல் அப்படியே ஏற்றுங்கள். லைனில் "ஏய் பையா" என்று கூப்பிடுவதை நிறுத்திப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் இதோடு சேர்ந்த விஷயம்தான்.

உடைந்த ஊசி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மரியாதைக் குறைவு எப்படி நேராக நஷ்டமாக மாறுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் தொழிற்சாலையில் இல்லை. ஊசி உடைந்தால் மெஷினை நிறுத்த வேண்டும், எல்லாத் துண்டுகளையும் தேடி எடுக்க வேண்டும், பொருத்திப் பார்த்து முழு ஊசியும் வந்ததா என்று உறுதிசெய்து, பதிவேட்டில் ஒட்டிக் கையெழுத்திட்ட பிறகே புது ஊசி. ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றால் அந்தக் கட்டு முழுவதையும் தனியே வைத்து மெட்டல் டிடெக்டரில் விட வேண்டும். குழந்தைகள் ஆடை எடுக்கிற பையர் இதில் துளியும் விட்டுக்கொடுக்க மாட்டார். புதிதாக வந்தவருக்கு இந்த வரிசை புரியும் மொழியில் சொல்லப்பட்டிருக்காது. போன வாரம் பக்கத்து மெஷின்காரர் ஊசி உடைத்துத் திட்டு வாங்கியதை மட்டும் பார்த்திருப்பார். தனக்கு உடைந்ததும் துண்டை மிஷினுக்கு அடியில் தள்ளிவிட்டு, தோழியிடம் ஊசி கடன் வாங்கித் தைத்துவிடுவார். இதற்குத் தீர்வு கண்டிப்பு இல்லை. ஊசி உடைந்ததைச் சொன்னவரை யாரும் திட்டக் கூடாது என்பதை முதலில் சூப்பர்வைசருக்கு விதியாக்குங்கள். பிறகு புது ஆளின் கையாலேயே ஒருமுறை பழைய ஊசியை உடைக்கவைத்து, துண்டு பொறுக்கி ஒட்டுவது வரை செய்துகாட்டச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை.

மொழிபெயர்க்க யாரை வைக்கிறோம் என்பதும் முக்கியம். பெரும்பாலும் அழைத்துவந்த காண்ட்ராக்டரின் ஆளே மொழிபெயர்ப்பாளர். தொழிலாளியின் குறை காண்ட்ராக்டரைப் பற்றியதாகவே இருந்தால்? கமிஷன் பிடித்தம், ஹாஸ்டல் பிடித்தம், ஓவர்டைம் கணக்கு எதுவும் உங்கள் காதுக்கு வந்து சேராது. ஒவ்வொரு மொழிக்கும் இரண்டு பேரை வையுங்கள், இருவரும் ஒரே காண்ட்ராக்டர் வழி வந்தவர்களாக இருக்கக் கூடாது, ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு வைத்திருப்பீர்கள். அந்தக் குழுவில் ஒடியாவோ சந்தாலியோ தெரிந்த பெண் ஒருவரும் இல்லாவிட்டால் அந்த மொழிக்காரப் பெண்ணுக்குக் குழுவே இல்லை என்றுதான் பொருள். இந்தக் கூடுதல் வேலைக்கு மாதம் ஒரு படித்தொகை கொடுங்கள், இலவசமாக வாங்காதீர்கள்.

சம்பளத்தில் அவநம்பிக்கை பிறப்பது பெரும்பாலும் ஏமாற்றினால் அல்ல, சொல்லாமல் விட்டதால். ஊரில் சொன்ன தொகை ஒன்று, கையில் வந்தது வேறு. பி.எஃப். 12 சதவீதம், இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், தங்குமிடம், சாப்பாடு என்று கழிந்தது எங்கே என்று தெரியாதவர் அதைத் திருட்டு என்றுதான் நினைப்பார். முதல் சம்பளத்துக்கு முன்பே ஒரு மாதிரிக் கணக்கை அவர் மொழியில் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். ஒரு ஷிஃப்ட் எத்தனை மணிக்கு முடிகிறது, ஒன்றரை ஷிஃப்ட் என்றால் என்ன, அதை மறுக்கலாமா என்பதையும் சேர்த்து.

இனி சாப்பாடு. "வடநாட்டுச் சாப்பாடு" என்று நினைத்து ஹாஸ்டலில் மூன்று வேளையும் சப்பாத்தி போட்டு நல்லது செய்துவிட்டதாக நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஒடிசாவும் ஜார்க்கண்டும் அசாமும் சோறு தின்கிற மண். நம்மைப் போலவே புழுங்கலரிசி, நம்மைப் போலவே பழைய சோறு. ஒடிசாவில் பகாளா, அசாமில் பொய்த்தா பாத் என்பார்கள். கருவாடும் உண்டு. அவர்களுக்குத் தொண்டையில் இறங்காதது நம் புளியும் தேங்காயும். பருப்பைப் புளி இல்லாமல் தனியே எடுத்துவைத்து, உருளைக்கிழங்கைக் கடுகெண்ணெயில் வதக்கினால் பாதிப் பிரச்சினை தீரும். வாரப் பட்டியலை வார்டன் போடாமல், ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இரண்டு பேராக உட்காரவைத்துப் போடச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை சமையலறையை அவர்களிடமே விட்டுவிடலாம். முண்டா, ஓராவோன் மக்களில் கிறிஸ்தவர்கள் நிறைய உண்டு, இயற்கையை வணங்கும் சர்ணா வழிபாட்டினரும் உண்டு. ஞாயிறு காலை தேவாலயம் போகக் கேட்டால் அது ஊர் சுற்றக் கேட்கும் சாக்கு என்று வார்டன் நினைக்காமல் இருக்க வேண்டும்.

விடுமுறை விஷயத்தில் கணக்குத் தெரியாமல் ஆளை இழக்கிறோம். தீபாவளிக்குப் பின் ஆறாம் நாள் பீகார்காரர்களின் பெரிய பண்டிகையான சத் பூஜை. நம் கம்பெனி பெரும்பாலும் அதற்குள் திறந்துவிடும். பீகார்காரர் ஊர் போய்ச் சேரவே இரண்டு நாளுக்கு மேல் ஆகும். பாதியில் திரும்பி வா என்றால் வரமாட்டார். மேற்கு ஒடிசாவின் புத்தரிசிப் பண்டிகையான நுவாகாய் விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள், ஜார்க்கண்டின் கர்மா பண்டிகை அதை ஒட்டிய நாட்களில், சர்ஹுல் பண்டிகை வசந்த காலத்தில். அசாமின் பொஹாக் பிஹு நம் சித்திரை முதல் நாளோடு சேர்ந்தே வருகிறது, அதற்குத் தனி விடுமுறைகூடத் தேவையில்லை, ஆனால் நோட்டீஸில் தமிழ்ப் புத்தாண்டு என்று மட்டும்தான் எழுதுகிறோம்.

ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாள்தான். விடுமுறைத் தேதியைப் பதினைந்து நாள் முன்பு அறிவித்தால், தன்பாத் – ஆலப்புழை எக்ஸ்பிரஸில் சீட்டு எங்கே மிச்சம் இருக்கும்? முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றுகொண்டு போனவர் அதே பெட்டியில் திரும்பிவர யோசிப்பது இயல்பு. எழுபது நாள் முன்பே தேதியைச் சொல்லுங்கள், போக வர இரண்டு சீட்டையும் கம்பெனியே எடுத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. ஆண்டுக்கொருமுறை ஊர் போய்வரும் கட்டணத்தை முதலாளி தர வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் தொழில்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலேயே இருக்கிறது.

தமிழ் கற்றுக்கொடுங்கள், ஆனால் கம்பெனி நேரத்தில், தினம் கால்மணி நேரம். பல இடங்களில் "எடு", "வை", "சீக்கிரம்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். "வலிக்குது", "தலை சுத்துது", "புரியல", "முடியாது" என்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கூடவே சூப்பர்வைசர் முப்பது சொல்லாவது அவர்கள் மொழியில் படிக்கட்டும். லைனில் ஒரே மாநிலத்தவரை மொத்தமாக உட்காரவைப்பது காண்ட்ராக்டருக்கு வசதி, அவர்கள் தமிழ் பேசவே வாய்ப்பு வராது. ஒருவரை மட்டும் தனியே போடுவது கொடுமை. ஒரு மொழிக்கு மூன்று நான்கு பேர் வீதம் கலந்து போடுவது ஒத்துவரும். கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளராகச் சேர்ந்தவர் ஓவர்லாக், பிளாட்லாக் என்று தையல் மெஷின்களில் ஏறி எப்போது சூப்பர்வைசர் ஆகலாம் என்ற தகுதியைச் சுவரில் ஒட்டுங்கள், ஆக்கியும் காட்டுங்கள்.

2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது எத்தனை பேர் பயந்து ரயில் ஏறினார்கள் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். போலீஸ் மறுத்தது, பீகார் அரசுக் குழு நேரில் வந்து பார்த்தது. ஆனால் அந்த நேரத்தில் போனில் வந்த வீடியோவை நம்புவதா, மேனேஜரை நம்புவதா என்பதைத் தீர்மானிப்பது அதற்கு முந்தைய மாதங்களில் மேனேஜர் அந்த ஆளோடு எத்தனை முறை பேசினார் என்பதுதான்.

கடைசியாக, திரும்பி வராதவரை ஓடிப்போனவர் என்று எழுதி முடிக்காதீர்கள். அவர் மொழிக்காரரை வைத்தே போனில் கூப்பிட்டு, ஏன் வரவில்லை என்று கேளுங்கள்; ஊரில் இருக்கும்போது உண்மையைச் சொல்வார்கள். பி.எஃப். பதிவில் வேலை விட்ட தேதியை ஏற்றிவிட்டு, பாக்கிச் சம்பளத்தைக் கணக்கில் போட்டுவிட்டு, பி.எஃப். பணம் எடுக்க எப்போது, எப்படி விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் அதே போனில் சொல்லிவிடுங்கள்.