மே மாதம் மழைநீர் வடிகாலில் ஓடுவது என்ன தண்ணீர்?

வடகிழக்குப் பருவமழையின் முதல் பெருமழை கொட்டிய மறுநாள் அடையாறு முகத்துவாரத்தில் மீன் செத்து மிதந்தால், யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பும். பல நேரம் புதிதாக யாரும் எதையும் கலந்திருக்க மாட்டார்கள். கோடை முழுக்க வடிகாலிலும் ஆற்றடியிலும் படிந்து அழுகிய கறுப்புச் சேற்றை மழை ஒரே மூச்சில் கிளறிவிடுகிறது. அந்தச் சேறு தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்துவிடும். முகத்துவாரத்தை மணல் அடைத்திருந்தால் கடல்நீரும் உள்ளே வராது.

ஆற்றைச் சீராக்க வேண்டுமென்றால், கரையில் பூங்கா வைப்பதெல்லாம் அப்புறம். முதலில் தெருவில் உள்ள மழைநீர் வடிகாலின் மூடியைத் திறந்து பாருங்கள். மழை நின்று பத்து நாளாவது ஆகியிருக்க வேண்டும். வீடுகளில் தண்ணீர் அதிகம் புழங்கும் காலை ஆறரை முதல் எட்டரைக்குள் பார்க்க வேண்டும். அப்போதும் ஓட்டம் இருந்தால் அது மழைநீர் இல்லை. தெளிவாக, நாற்றமில்லாமல் ஓடினால் நிலத்தடி நீர்க் கசிவாகவோ, கட்டுமானக் குழியிலிருந்து இறைத்த தண்ணீராகவோ இருக்கலாம். சாம்பல் நிறம், சோப்பு நுரை, அழுகிய முட்டை வாடை என்றால் சந்தேகமே வேண்டாம், சாக்கடை.

எந்தக் கட்டடத்திலிருந்து வருகிறது? கீழிருந்து மேலாக ஒவ்வொரு மூடியாகத் திறந்துகொண்டே போனால், ஓட்டம் எந்த இரண்டு மூடிகளுக்கு நடுவில் தொடங்குகிறது என்று தெரியும். அந்த இடைவெளியில் உள்ள கட்டடங்களின் கழிவறையில் ஃப்ளோரசின் சாயம் கொஞ்சம் போட்டு, இரண்டு மூன்று வாளி தண்ணீர் ஊற்றினால் போதும். பச்சை நிறம் பாதாள சாக்கடையில் தெரிய வேண்டும். மழைநீர் வடிகாலில் தெரிந்தால் இணைப்பு தவறு. இதற்காக ஆளை உள்ளே இறக்காதீர்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டம், பாதுகாப்புக் கருவி இல்லாமல் செய்யக்கூடாது என்கிற சாக்கடை வேலையில் ஆளைக் கொல்லும் அதே ஹைட்ரஜன் சல்பைடு, கழிவு கலந்த மழைநீர் வடிகாலிலும் இருக்கும்.

தப்பு எதிர்த்திசையிலும் நடக்கிறது. 1000 சதுர அடி மொட்டை மாடியில் 50 மி.மீ. மழை பெய்தால் சுமார் 4,600 லிட்டர் தண்ணீர். நாலு பேர் வீட்டின் ஒரு நாள் கழிவுநீர் 500 லிட்டர் சொச்சம். மாடிக் குழாயைப் பாதாள சாக்கடையில் செருகினால் அந்தக் குழாய் என்ன ஆகும்? தெருமுனை மேன்ஹோல் பொங்கி, எல்லாம் வடிகால் வழியே ஆற்றுக்குத்தான் போகும். தெருவில் தண்ணீர் நிற்கிறதென்று சாக்கடை மூடியைத் தூக்கிவிடும் நல்ல மனசுக்காரர்களும் இதையேதான் செய்கிறார்கள்; கூடவே ரோட்டு மணலும் உள்ளே போய்விடும். மழைநீர் சேகரிப்பு 2003லிருந்து தமிழ்நாட்டில் கட்டாயம். மாடிக் குழாய் நிஜமாகவே சேகரிப்புக் குழிக்குத்தான் போகிறதா என்று ஒரு வாளி ஊற்றிப் பாருங்கள்.

அடுத்தது வண்டல் வடிகட்டித் தொட்டி, அதாவது வடிகாலில் மணலைத் தேக்கிப் பிடிக்கும் தொட்டி. தொட்டியின் அடித்தளம் வெளியேறும் குழாயைவிட ஓர் அடியாவது தாழ்ந்திருந்தால்தான் மணல் தங்கும். குச்சி விட்டுப் பார்த்து, சேறு குழாய் மட்டத்துக்கு ஏறியிருந்தால் அது வெறும் பள்ளம்தான். இரவில் ஓட்டல் எண்ணெயைக் கொட்டுகிற இடங்களில் எண்ணெய் கட்டியாகி, கேரிபேக்கைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தூர் வாருகிறவர்கள் வாரிய சேற்றை அதே வடிகால் ஓரத்திலேயே காயட்டும் என்று குவித்துவிட்டுப் போவதுதான் எனக்கு ஆத்திரமூட்டுவது. ஒரே ஒரு மழை, மொத்தமும் திரும்ப உள்ளே. அன்றன்றைக்கே லாரியில் ஏற்ற வேண்டும், செப்டம்பருக்குள் முடிக்க வேண்டும்.

வடிகால் ஆற்றில் விழும் இடத்தில் குறுக்குச் சுவர் கட்டி, ஓட்டத்தைக் கழிவுநீர்ப் பம்பிங் ஸ்டேஷனுக்குத் திருப்பும் திட்டங்களில் எனக்கு அரை நம்பிக்கைதான். கோடையில் உதவும். பெருமழையில் சுவரைத் தாண்டி எல்லாம் ஆற்றில் விழும். மேலே உள்ள கள்ள இணைப்பைத் தேடும் அவசரமும் போய்விடும்.

சென்னையில் தெரு வடிகால் பெரும்பாலும் மாநகராட்சிப் பொறுப்பு, பாதாள சாக்கடை குடிநீர் வாரியத்தினுடையது, ஆறு நீர்வளத் துறையினுடையது. புகாரில் "நாற்றமடிக்கிறது" என்று மட்டும் எழுதினால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார். கடைசியாக மழை பெய்த தேதி, பார்த்த நேரம், ஓட்டம் தொடங்கும் இரண்டு மூடிகளின் படம், அருகிலுள்ள கதவு எண் எல்லாவற்றையும் சேர்த்து, மாநகராட்சிக்கும் வாரியத்துக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள்.