"முதல் நூறு பக்கம் கொஞ்சம் போர்தான், அப்புறம் பறக்கும்"

புத்தகம் சிபாரிசு செய்பவர்கள் அதிகம் சொல்லும் வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். சொல்பவருக்கு அது நேர்மை. ட்ராஃபிக்கில் மாட்டி எட்டரை மணிக்கு வீடு வந்து சேர்ந்தவர் காதில் அது எப்படி விழும்? "ஒரு வாரம் கஷ்டப்படு, அப்புறம் பார்த்துக்கலாம்." அத்தோடு அந்தப் புத்தகம் முடிந்தது.

'பொன்னியின் செல்வ'னையே எடுத்துக்கொள்ளுங்கள். நண்பர்கள் தலையில் அதிகம் கட்டப்படும் தமிழ் நாவல் அதுதான். ஐந்து பாகத்தையும் கட்டாகக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்துவிட்டு, "லீவுல முடிச்சிடு" என்பது வழக்கம். பதிப்பைப் பொறுத்துக் கூடக் குறைய இருந்தாலும் எப்படியும் 2,000 பக்கத்தைத் தாண்டும். தினம் 20 பக்கம், ஒருநாள் விடாமல் படித்தாலும் 100 நாள். இதில் வேடிக்கை, கல்கி அதை அப்படிப் படிப்பதற்கு எழுதவே இல்லை. 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை பத்திரிகையில் வாராவாரம் வந்த தொடர்கதை அது. முதல் வாசகர்கள் மூன்றரை வருஷம் எடுத்துக்கொண்டார்கள். அத்தியாயத்துக்கு அத்தியாயம் கொக்கி போட்டு நிறுத்துவது அடுத்த வார இதழுக்காக. மொத்தமாக விழுங்கச் சொன்னால் அந்தக் கொக்கிகளே அலுப்புத் தட்டும்.

கொடுத்தே தீரவேண்டும் என்றால் முதல் பாகத்தை மட்டும் கொடுங்கள். மற்ற நாலும் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். "தமிழின் மகத்தான நாவல்" என்ற முன்னுரை வேண்டாம்; ஆடிப்பெருக்கு அன்றைக்கு வீரநாராயண ஏரிக்கரையில் ஒருத்தன் குதிரையில் வருகிறான், அவ்வளவு போதும். புதிதாகப் படிப்பவர் வழுக்கி விழும் இடம் நடை என்று பலரும் நினைக்கிறார்கள். நடை சுலபம், பெயர்கள்தான் கஷ்டம். பழுவேட்டரையர் ரெண்டு பேர். அருள்மொழிவர்மனும் பொன்னியின் செல்வனும் ஒரே ஆள். அட்டையின் உள்பக்கம் பென்சிலால் நாலு வரி எழுதிக் கொடுங்கள்: சுந்தர சோழருக்கு ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழி என்று மூன்று பிள்ளைகள், பெரிய பழுவேட்டரையர் நந்தினியின் கணவர், சின்னவர் தஞ்சைக் கோட்டைக் காவல். நீங்கள் அரை மணி நேரம் பேசிப் புகழ்வதைவிட இந்த நாலு வரி அவரைத் தள்ளிக்கொண்டு போகும்.

அதற்கும் முன்னால், அவர் நாவல் படிக்கிற ஆள்தானா என்று பார்க்க ஒரு சிறுகதை போதும். புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' இணையத்திலேயே கிடைக்கிறது. ஒரே மூச்சில் முடியும். கடவுள் மெட்ராஸுக்கு வந்து காப்பி குடிக்கிறார் என்று சொன்னால் யாருக்கும் ஒரு புருவமாவது உயரும். உயரவில்லையா, விட்டுவிடுங்கள். அவருக்குக் கிரிக்கெட் இருக்கலாம், மாடித் தோட்டம் இருக்கலாம்.

சினிமாவில் கொடுமை வேறு விதம், ஏனென்றால் சிபாரிசு செய்தவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவார். கண் திரையில் இருக்காது, நண்பன் முகத்தில் இருக்கும். "இப்ப பாரு... இப்ப வரும் பாரு..." பார்க்கிறவர் சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்தாக வேண்டும், இல்லாவிட்டால் படத்தை நிறுத்தி விளக்கம் ஆரம்பமாகும். பத்தாவது நிமிடம் அவர் கை போனுக்குப் போகும். சப்டைட்டில் படத்தில் அப்படிக் கண்ணை எடுத்தால் வசனம் போச்சு. வசனம் போனால் கதை புரியாது. புரியாததால் மறுபடி போன். ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் படம் வேண்டும் என்பதற்காக 207 நிமிட 'செவன் சாமுராய்' படத்தில் ஆரம்பிப்பவர்களை என்ன சொல்வது? பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஒருவரை இழுக்க 1957-இல் வந்த '12 ஆங்ரி மென்' இருக்கிறது. 96 நிமிடம், ஏறக்குறைய முழுப்படமும் ஒரே அறைக்குள், பன்னிரண்டு பேர் ஒரு கொலை வழக்குக்குத் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். சண்டை போடுவது எந்த ஊரிலும் புரியும். படத்தைச் சொல்லிவிட்டு நீங்கள் உங்கள் வீட்டுக்குப் போங்கள்.

எல்லாவற்றையும்விட மோசம், "படிச்சியா?", "பாத்தியா?". முதல் தடவை விசாரிப்பு. ரெண்டாவது தடவை வட்டிக்காரன் வாசலில் நிற்கிற மாதிரி. மூன்றாவதுக்கு அவர் விக்கிப்பீடியாவில் கதைச் சுருக்கத்தைப் படித்துவிட்டு "செம, ஜி" என்பார். நாமும் நம்பிவிட்டு அடுத்த புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போவோம்.

வாட்ஸ்ஆப்பில் அதே நண்பர் போன தீபாவளிக்கு "கண்டிப்பா பாரு" என்று அனுப்பிய வெப்சீரிஸ் லிங்க் ஒன்று கிடக்கும். கொஞ்சம் மேலே தள்ளிப் பாருங்கள், இன்னும் திறக்காமலேயே இருக்கும்.