குல்தாரா ஒரே இரவில் காலியானதா?

ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் பக்கத்தில் இருக்கும் குல்தாரா என்ற பாழடைந்த கிராமத்தைப் பற்றி ஒரு வாட்ஸ்அப் செய்தி மறுபடியும் சுற்றுகிறது: "ஜெய்சல்மேர் திவான் (அமைச்சர்) சாலிம் சிங் ஒரு பெண்மேல் ஆசைப்பட்டதால் 84 கிராமத்து மக்களும் ஒரே இரவில் சாபமிட்டு மறைந்தார்கள்."

இது தவறு. 1890 வாக்கில்கூட அங்கே 37 பேர் வாழ்ந்திருக்கிறார்கள். ஊர் பல பத்தாண்டுகளில் மெல்ல மெல்லத்தான் காலியானது. 19ஆம் நூற்றாண்டில் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றின. சாலிம் சிங் கொடுமைக்காரர் என்பது உண்மைதான். ஆனால் அவர் காலத்திலேயே எழுதிய ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் டாட், அங்கே வாழ்ந்த பாலிவால் பிராமணர்கள் வெளியேறியதற்கு சாலிம் சிங்கின் பணப்பறிப்பையே காரணமாகக் காட்டுகிறார். நிலநடுக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இந்தச் சாபக்கதையில் காணாமல் போவது அந்த மக்களின் திறமை. மலைச்சரிவிலிருந்து ஓடிவரும் மழைநீரைத் தாழ்நிலத்தில் கரை கட்டித் தேக்கி, அந்த ஈரத்திலேயே பாலைவனத்தில் கோதுமை விளைவித்தவர்கள் அவர்கள். 'கடீன்' என்ற அந்த முறை ஜெய்சல்மேர் பகுதியில் இன்றும் இருக்கிறது.

சரி, போகலாமா? தாராளமாகப் போகலாம். அரசு பாதுகாக்கும் இடம் அது. பகலில் போங்கள், இடிந்த சுவர்மேல் மட்டும் ஏறாதீர்கள். அப்புறம், நடுகற்களையும் நின்று பாருங்கள். அங்கே வாழ்ந்தவர்களின் பெயர்கள் அவற்றில் இருக்கின்றன.