கோடாரியால் வராத பிடி

இங்கிலாந்தை ஆண்ட டியூடர் மன்னர்கள் என்றதும் நம்மவர்களுக்கு எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவிகளும் கோடாரியும்தான் நினைவுக்கு வரும். லண்டனுக்குத் தொலைவில் இருந்த சீமைகளை அந்த வம்சம் எப்படித் தன் பிடிக்குள் கொண்டுவந்தது என்று கேட்டாலும், "அடித்து நொறுக்கினார்கள்" என்பதே பதிலாக வருகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. உள்ளூர்ப் பெரிய மனிதர்களுக்கு அதிகாரத்தில் பங்கு கொடுத்த இடத்தில் பிடி நிலைத்தது. அவர்களை ஒழித்துக்கட்டிய இடத்தில் நழுவியது.

ஹென்றியிடம் மெய்க்காவலர்களையும் சில கோட்டைக் காவலர்களையும் தாண்டி நிரந்தரப் படை கிடையாது. சம்பளம் வாங்கும் கலெக்டர், தாசில்தார் வரிசையும் இல்லை. எல்லைப்புறங்களில் பெர்சி, டேக்கர், கில்டேர் போன்ற குடும்பங்கள் வைத்ததுதான் சட்டம். இந்த நிலையில் யாரை நம்பி ஆள்வது?

வேல்ஸைப் பாருங்கள். 1534-இல் ரோலண்ட் லீ என்ற பிஷப்பை, வேல்ஸ் எல்லையை ஒட்டிய லட்லோவில் இருந்த அரச மன்றத்துக்குத் தலைவராக அனுப்பினார்கள். தூக்குமரத்தின் மேல் இருந்த நம்பிக்கை மனிதருக்கு வேறெதிலும் இல்லை (பிஷப் என்பதை அடிக்கடி நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது). 1536-இல் ஹென்றியின் முதன்மை அமைச்சர் தாமஸ் குரோம்வெல், வேல்ஸை இங்கிலாந்தைப் போலவே கவுண்டிகளாக, அதாவது மாவட்டங்களாக, பிரித்து, அங்கத்திய நிலக்காரர்களையே நீதிபதிகளாக்கத் திட்டமிட்டார். லீ பதறிப்போய்க் கடிதம் எழுதினார்: பிரெக்னாக்குக்கு அப்பால் வருடத்துக்குப் பத்து பவுண்டு வரும்படி தரும் நிலம் உள்ள வெல்ஷ்காரர்களே மிகக் குறைவு, உண்மையைச் சொன்னால் அவர்களுடைய நிலத்தைவிட விவேகம் இன்னும் குறைவு என்று. திருடனிடமே சாவியைக் கொடுக்கிறீர்களே என்பதுதான் அவர் கவலை.

குரோம்வெல் கேட்கவில்லை. அதுதான் சரியான முடிவு என்பேன். நீதிபதி பதவி, ஷெரிஃப் பதவி, நாடாளுமன்றத்தில் இடம் எல்லாம் வந்ததும் வெல்ஷ் நிலக்காரர்கள் லண்டனின் ஆட்களாகவே ஆகிவிட்டார்கள். இந்த வேலைகளுக்குச் சம்பளம்கூடப் பெரிதாக இல்லை; ஊரில் கிடைக்கும் மரியாதைதான் கூலி. டியூடர் காலம் முடியும்வரை வேல்ஸில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு கலகம் வரவில்லை. ஆனால் இது இலவசமாகக் கிடைத்த அமைதியும் அல்ல. நீதிமன்றத்தில் ஆங்கிலம் மட்டும்தான், ஆங்கிலம் பேசாதவனுக்குப் பதவி இல்லை என்று அதே சட்டம் சொன்னது. விலையைக் கொடுத்தது சாதாரண ஜனங்கள், லாபம் பார்த்தது பெரிய வீட்டுக்காரர்கள்.

வட இங்கிலாந்தில் இரண்டும் கலந்து நடந்தது. 1536-இல் ஹென்றி மடாலயங்களை மூடியதற்கு எதிராக ராபர்ட் ஆஸ்க் என்ற வக்கீல் தலைமையில் சுமார் 30,000 பேர் திரண்டார்கள். எதிர்த்து நிற்கப் படை போதாமல், வாக்குறுதி கொடுத்துக் கலைத்துவிட்டு, மறுவருடம் ஆஸ்கை யார்க்கில் தூக்கிலிட்டார் ஹென்றி. பச்சைத் துரோகம். அப்புறம் யார்க்கில் நிரந்தரமாக ஒரு மன்றம் அமைத்து, வக்கீல்களையும் அந்தப் பக்கத்து நடுத்தர நிலக்காரர்களையும் உட்கார வைத்தார்கள். 1569-இல் வடக்கின் இரண்டு பெரிய பிரபுக்கள் ஹென்றியின் மகள் எலிசபெத் ராணிக்கு எதிராகக் கிளம்பியபோது, அந்த எழுச்சி சில வாரங்களிலேயே கலைந்துபோனதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது அயர்லாந்து. அங்கே தலைமுறைகளாக லண்டனின் பெயரில் ஆண்டது கில்டேர் குடும்பம். அப்பாவை லண்டனில் கொன்றுவிட்டார்கள் என்ற வதந்தியைக் கேட்ட மகன் தாமஸ், 1534 ஜூனில் ஆட்களுடன் டப்ளினுக்குள் நுழைந்து, மன்றத்தின் முன் பதவிச் சின்னமான அரசு வாளைத் தூக்கி எறிந்தான். ஆட்களின் தலைக்கவசத்தில் பட்டுக் குஞ்சம் கட்டியிருந்ததால் 'பட்டுத் தாமஸ்' என்ற பெயர் வந்தது என்பார்கள். உயிருக்கு உத்தரவாதம் என்ற பேச்சை நம்பிச் சரணடைந்தவனை 1537 பிப்ரவரியில் ஐந்து சித்தப்பாக்களோடு லண்டனின் தூக்குமேடையான டைபர்னில் கொன்றார்கள். அந்தச் சித்தப்பாக்களில் சிலர் கலகத்தில் சேரவே இல்லை!

அந்தக் குடும்பம் போன இடத்தில் நிற்க ஆளில்லை. 1541-இல் ஹென்றி 'அயர்லாந்தின் அரசர்' என்று பட்டம் சூடிக்கொண்டார். குலத்தலைவர்கள் நிலத்தை ஒப்படைத்தால் பிரபுப் பட்டத்தோடு திருப்பித் தருவது என்று வேல்ஸ் பாணியில் ஒரு முயற்சியும் நடந்தது, அரைகுறையாகவே நின்றுவிட்டது. அப்புறம் இங்கிலாந்திலிருந்து ஆளுநர், அவருக்குப் படை, படைக்குச் சம்பளம், பறித்த நிலத்தில் ஆங்கிலேயக் குடியேற்றம் என்று போய், 1594-இல் தொடங்கிய ஒன்பதாண்டுப் போர் எலிசபெத்தின் கஜானாவைக் காலி செய்தது. அந்தப் போரை நடத்திய ஐரிஷ் குலத்தலைவர் ஹியூ ஓ'நீல் 1603 மார்ச்சில் பணிந்தபோது ராணி இறந்து சில நாட்கள் ஆகியிருந்தன. ஓ'நீலுக்கு அதைச் சொல்லாமலே கையெழுத்து வாங்கினார்கள். அப்போதும் அவருடைய நிலத்தில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துத்தான் சமாதானம். இதை எழுபது வருடம் முன்பே, ஒரு கில்டேரை வைத்துக்கொண்டு, பாதிச் செலவில் முடித்திருக்கலாம் என்பது என் கணக்கு.