காசு கட்டினவனுக்குத்தான் பூட்டு

“பாடல்களை எங்கள் செயலிக்குள் மட்டுமே கேட்க இயலும். உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்.”

ஒரு பாட்டு ஆப்புக்கு வருஷ சந்தாவை மொத்தமாக முன்கூட்டியே கட்டிய எனக்கு நேற்று ராத்திரி வந்த பதில் இது. படித்ததிலிருந்து வயிறு எரிகிறது.

நான் என்ன பெரிசாகக் கேட்டுவிட்டேன்? டவுன்லோட் பண்ணி வைத்த பாட்டை அப்பாவின் பென்டிரைவ் செட்டில் போட வேண்டும், அவ்வளவுதான். மேலே ஒரு கைப்பிடி, முன்னால் நாலு பட்டன், பக்கத்தில் பென்டிரைவ் சொருக ஒரு ஓட்டை. பாதி ஊர் வீடுகளில் இருக்கிற செட்டுதான். கண்புரை ஆபரேஷனுக்கு அப்புறம் அப்பாவுக்கு டச் போன் சரிப்படவில்லை. எதையோ தொட்டால் வேறு எதுவோ திறக்கிறது. அந்த நாலு பட்டன் அவர் விரலுக்குப் பழகிவிட்டது. விடிகாலையில் வாசலில் உட்கார்ந்து அறுபதுகளின் பாட்டைக் கேட்கிற மனுஷன் அவர்.

லேப்டாப்பில் அந்த ஆப் பாட்டைப் போட்டு வைக்கிற ஃபோல்டரைத் தேடிப் பிடித்துத் திறந்தால், பாட்டின் பெயர் ஒன்றுகூட இல்லை. எழுத்தும் எண்ணுமாக முழ நீளத்துக்கு என்னென்னவோ. சைஸ் எல்லாம் சரியாக இருக்கிறது. அப்படியென்றால் பாட்டு உள்ளேதான் இருக்கிறது, என் ஹார்ட் டிஸ்க்கில், என் இடத்தை அடைத்துக்கொண்டு! சாவி மட்டும் அவர்களிடம். அப்படியே ஏற்றிச் சொருகினேன். செட்டு சிவப்பு எழுத்தில் எர்ரர் காட்டிவிட்டு எஃப்.எம்.முக்குத் தாவியது. ஏதோ நகைக்கடை விளம்பரம் அலறியது. அப்பா ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டார்.

உடனே கஸ்டமர் கேர் சாட்டைத் திறந்தேன். முதலில் வந்தது இயந்திரம். “செயலியை நீக்கி மீண்டும் நிறுவவும்.” ஆப் நன்றாகத்தான் ஓடுகிறது, பாட்டை வெளியே எடுக்க வேண்டும் என்றேன். “செயலியை நீக்கி மீண்டும் நிறுவவும்.” ஆளைக் கூப்பிடு என்றேன். வரிசையில் காத்திருங்கள் என்றது. காத்திருந்தேன். கடைசியில் ஒருவர் வந்தார். பாவம், அவர் மேல் எனக்குக் கோபமில்லை, எழுதிக் கொடுத்ததைத்தான் ஒட்டுகிறார். “உங்கள் தந்தையின் சாதனத்தில் ப்ளூடூத் வசதி உள்ளதா சார்?” இல்லை. “ப்ளூடூத் உள்ள சாதனத்தைப் பரிந்துரைக்கிறோம் சார்.” ப்ளூடூத் இருந்தாலும் போனை யார் இயக்குவது? நான் எப்போதும் இருப்பது வேறு ஊர். “உங்கள் தந்தைக்காக ஃபேமிலி பிளானுக்கு மாறலாமே சார்.” ஐயா, அவரிடம் ஸ்மார்ட்போனே இல்லை என்று மூன்று வரிக்கு முன்னால்தானே சொன்னேன்! “புரிகிறது சார். உங்கள் பிரச்சினை தீர்ந்ததா?” தீரவில்லை என்று தட்டுவதற்குள் சாட் மூடிக்கொண்டது. ஐந்து நட்சத்திரம் மட்டும் திரையில் மின்னுகிறது, மதிப்பெண் போடச் சொல்லி.

இனி கன்வெர்ட்டர் கதை, அதாவது பூட்டிய பாட்டைச் சாதா எம்பி3 ஆக மாற்றித் தருகிற சாஃப்ட்வேர். ஓசியில் கிடைத்தது வேண்டாத டூல்பார், வேண்டாத ஆன்டிவைரஸ் என்று ஒரு பட்டாளத்தையே கூட்டி வந்தது. இன்னொன்று ஒவ்வொரு பாட்டிலும் முதல் நிமிடத்தை மட்டும் எம்பி3 ஆக்கித் தருகிறது, பல்லவி முடிவதற்குள் நிற்கிறது. முழுப் பாட்டுக்கு டாலரில் பணமாம். ஒரே பாட்டுக்கு எத்தனை பேருக்குத்தான் அழுவது?

சட்டத்தைக் கேட்டால் அது இன்னும் கொடுமை. 2012-இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டத்தில் 65ஏ என்று ஒரு பிரிவு. உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. சட்டம் தடுக்காத காரியத்துக்காக என்றால் குற்றமில்லை என்று அதே பிரிவு சொல்கிறது. சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை 52-ஆம் பிரிவும் அனுமதிக்கிறது. அனுமதி இருந்து என்ன, பூட்டைத் திறக்க வழி தர வேண்டும் என்று கம்பெனிக்காரனை யாரும் கட்டாயப்படுத்தவில்லையே!

இவர்களை நம்பி ஏமாந்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் எம்.எஸ்.என். மியூசிக் என்று கடை போட்டுப் பூட்டிய பாட்டை விற்றது. 2008-இல், இனி புதுக் கம்ப்யூட்டருக்கு மாறினால் சாவி கிடையாது என்று வாங்கினவர்களுக்கே மெயில் அனுப்பியது. ஊரே கத்தின பிறகுதான் 2011 வரை தள்ளிப்போட்டார்கள். அதே 2008-இல் யாஹூவும் தன் பாட்டுக் கடைக்குச் சாவி கொடுக்கிற சர்வரை நிறுத்தியது. வேண்டுமானால் சி.டி.யில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்று யோசனை வேறு. 2003-இல் பூட்டோடு ஆரம்பித்த ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடையே 2009-இல் பூட்டைக் கழற்றிவிட்டு விற்றது. நம் ஊரிலும் ஃபிளிப்கார்ட் 2012-இல் ஃபிளைட் (Flyte) என்று ஒரு பாட்டுக் கடை ஆரம்பித்து, பூட்டில்லாத எம்பி3 விற்றது. அடுத்த வருஷமே மூடிவிட்டார்கள். இப்போது சந்தா என்ற பெயரில் எல்லாம் திரும்பவும் பூட்டுக்குள்ளேயே போய்விட்டது. பல ஆப்களில் டவுன்லோட் செய்தது கூட 30 நாளுக்கு ஒருமுறை நெட்டைக் காட்டாவிட்டால் ஊமையாகிவிடும்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து மொபைல் கடையில் போய் நின்று பாருங்கள். நூறு ரூபாய் கொடுத்தால் பென்டிரைவ் நிறைய ஏற்றித் தருவான். எந்தச் செட்டிலும் ஓடும். பாடினவருக்கும் எழுதினவருக்கும் வாசித்தவருக்கும் ஒரு பைசா போகாது. திருட்டுப் பாட்டு ஊர் முழுக்கச் சுதந்திரமாகத் திரிகிறது, காசு கொடுத்தவன் பாட்டு மட்டும் ஜெயிலில் கிடக்கிறது. நான் அந்தக் கடைக்குப் போக மாட்டேன். பாட்டுக்கு நியாயமான விலை சொல், தருகிறேன், எம்பி3-ஆகக் கொடு. இதில் என்ன கஷ்டம் உங்களுக்கு?

கடைசியில் என்ன செய்கிறேன் தெரியுமா? போனின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து ஆக்ஸ் ஒயர் போட்டு, பாட்டு ஓட ஓட ரெக்கார்டு பண்ணுகிறேன், கேசட் காலம் மாதிரி. மூன்றரை நிமிடப் பாட்டுக்கு மூன்றரை நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவில் வாட்ஸப் டிங் என்றால் அதுவும் பாட்டுக்குள் போய்விடும், மறுபடி முதலிலிருந்து.

இதற்கு நடுவில் இன்று காலை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஹெட்போன் இல்லாமல், முழு சத்தத்தில், ஒரே ரீல்ஸைத் திருப்பித் திருப்பி ஓடவிட்டுக்கொண்டு வந்தார். தாம்பரத்தில் ஏறினவர் செங்கல்பட்டு வரைக்கும் நிறுத்தவில்லை. யோவ், அதைப் பூட்ட ஒருத்தனும் இல்லையா?