சப்ளிமென்ட் பணத்தை எதில் போடுவது?

அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய்க் கழகம், புற்றுநோய் மையங்களுக்குக் கொடுத்திருக்கும் மானியத்தின் மேல் அவ்வப்போது 'சப்ளிமென்ட்' என்று கொஞ்சம் பணம் சேர்த்துக் கொடுக்கும். யாருக்கு என்ன புற்றுநோய், என்ன சிகிச்சை என்று மாநிலவாரியாகக் குறித்து வைக்கும் புற்றுநோய்ப் பதிவேட்டின் தரவை வைத்து ஆய்வு செய்யவும் இப்படி வருவதுண்டு. பணம் வந்ததும் ஒரு புள்ளியியலாளரை அமர்த்தி, கையில் இருக்கிற தரவை அலசி, கட்டுரை எழுதிவிடுவதுதான் வழக்கம். கட்டுரை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஓராண்டுப் பணத்தை முதலில் பதிவேட்டின் ஓட்டைகளை அடைப்பதில் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஓட்டை எப்படி விழுகிறது? மருத்துவமனையில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும், அங்குள்ள பதிவாளர் கோப்புகளைப் படித்து, கட்டி இருக்கும் இடம், திசு வகை, நோயின் நிலை, முதல் கட்ட சிகிச்சை ஆகியவற்றைக் குறியீடுகளாக மாற்றி மாநிலப் பதிவேட்டுக்கு அனுப்புகிறார். இதற்குப் பொதுவாக ஆறு மாதக் கெடு. ஒரு மார்பகப் புற்றுநோயாளிக்கு அறுவை, கதிர்வீச்சு இரண்டும் பதிவாகிவிடும். அதற்குப் பிறகு தமாக்சிஃபென் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரையை ஐந்தாண்டு விழுங்கச் சொல்லி வெளியே ஒரு கிளினிக்கில் எழுதிக் கொடுக்கிறார்கள். மருந்துக்கடையில் வாங்கும் அந்த மாத்திரை மருத்துவமனைக் கோப்பில் ஏறாமலே போகலாம். அப்போது பதிவேட்டில் 'ஹார்மோன் சிகிச்சை தரப்படவில்லை' என்று நிற்கும். சிறு கிளினிக்குகளை நம்பியிருக்கும் பகுதிகளில் இது அதிகமாக நடந்தால், அங்குள்ள பெண்களுக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை என்று ஆய்வு சொல்லும். உண்மையில் கிடைக்காமல் போனது சிகிச்சை அல்ல, தகவல். எவ்வளவு பெரிய மாதிரி எடுத்தாலும், எவ்வளவு நுட்பமான மாடல் போட்டாலும் இந்தப் பிழை போகாது. மருந்துக்கடை ரசீதுத் தரவையோ காப்பீட்டுக் கோரிக்கைகளையோ பதிவேட்டோடு இணைத்தால்தான் போகும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு, தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் 'சீர்' (SEER) திட்டப் பதிவேடுகளையும் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கேரின் கோரிக்கைகளையும் இணைத்த தரவு ஏற்கெனவே இருக்கிறது. அதைவிட இளையவர்களுக்குத்தான் பெரிய இடைவெளி.

இணைப்பு என்பது பட்டன் தட்டுகிற வேலை இல்லை. பெயர், பிறந்த தேதி, பாலினம், சமூகப் பாதுகாப்பு எண், முகவரி எல்லாவற்றுக்கும் எடை போட்டு, இரண்டு பதிவும் ஒரே ஆளா என்று மதிப்பெண் கணக்கிட வேண்டும். மதிப்பெண்ணில் மேலே இருப்பவை ஒரே ஆள், கீழே இருப்பவை வேறு ஆள் என்று எடுத்துக்கொள்ளலாம். நடுவில் நிற்பவைதான் தலைவலி. பிறந்த தேதி ஒன்றில் 03/07, இன்னொன்றில் 07/03. கல்யாணத்துக்குப் பிறகு குடும்பப் பெயர் மாறியிருக்கும். இரட்டையரில் ஒருவர் இன்னொருவராகப் பொருந்திவிடுவதும் உண்டு. இவற்றை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து, முடிவு வேறுபட்டால் மூன்றாமவரிடம் போக வேண்டும். தப்பாகச் சேர்த்தால், உயிரோடு இருப்பவர் மேல் இன்னொருவரின் இறப்புத் தேதி ஏறி உட்கார்ந்துவிடும். விட்டுப் போன இணைப்பைப் பிறகு தேடிப் பிடிக்கலாம், தப்பாகச் சேர்ந்ததைக் கண்டுபிடிப்பது அதைவிடக் கடினம். சப்ளிமென்ட் பட்ஜெட்டில் கணினிக்கும் மென்பொருளுக்கும் பணம் எழுதியிருப்பார்கள், இந்தக் கைவேலைக்கு மணிநேரம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். பதிவாளர்களின் நேரத்துக்குப் பணம் எழுதுங்கள். பதிவாளர்களுக்கான தொழில் சான்றிதழின் பெயரையே 2024-இல் 'ஆன்காலஜி டேட்டா ஸ்பெஷலிஸ்ட்' என்று மாற்றியிருக்கிறார்கள். பெயர் உயர்ந்த மாதிரி பட்ஜெட்டிலும் உயரட்டும்.

விதிகளையும் கவனிக்க வேண்டும். வேலை தாய் மானியத்தின், அதாவது மையத்துக்கு ஏற்கெனவே இருக்கும் மூல மானியத்தின், எல்லைக்குள்ளேயே இருக்க வேண்டும். எல்லை விரிந்தால் அது சப்ளிமென்ட் ஆகாது, போட்டிக்குப் போய் மறுபடி மதிப்பீட்டில் நிற்க வேண்டும். தாய் மானியத்தின் காலம் முடிந்தபின் சப்ளிமென்ட் மட்டும் தனியாக ஓடாது. இதை வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். தரவுப் பயன்பாட்டு ஒப்பந்தம் வழக்கறிஞர்கள் மேசையில் மாதக்கணக்கில் கிடக்கும், நெறிமுறைக் குழு ஒப்புதல் தனி. பணம் வந்தபின் ஒப்பந்தம் பேசத் தொடங்கினால், பாதி வருடம் காகிதத்திலேயே கரையும். விண்ணப்பம் எழுதும்போதே வரைவு ஒப்பந்தம் கையில் இருக்க வேண்டும்.

புதிய ஆண்டுத் தரவு வந்ததும் போக்கு வரைபடம் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தாமதமாக வந்து சேரும் பதிவுகளால் கடைசி ஆண்டு எப்போதும் கொஞ்சம் குறைவாகவே தெரியும். அதற்கான திருத்தம் போடாமல் 'நோய் குறைகிறது' என்று எழுதாதீர்கள். 2020-இல் தெரியும் சரிவும் நோய் குறைந்ததால் வந்ததல்ல. கோவிட் காலத்தில் பரிசோதனைகள் நின்றுபோனதால் வந்தது.

எனக்கு மிகவும் ஆதங்கம் தருவது தரவுப் பயன்பாட்டு ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கம். 'ஆய்வு முடிந்ததும் இணைத்த கோப்பை அழித்துவிட வேண்டும்' என்று ஒரு வரி இருக்கும். தனியுரிமைக்கு அது தேவைதான். ஆனால் அழிக்கும் முன், சரிபார்த்த சிகிச்சை விவரங்கள் பதிவேட்டுக்கே திரும்பிப் போக வேண்டும் என்று இன்னொரு வரி சேர்க்காவிட்டால், ஒரு வருடம் உட்கார்ந்து திருத்தியது எல்லாம் அந்தக் கோப்போடு போய்விடும், பதிவேட்டில் பழைய 'தரப்படவில்லை' அப்படியே நிற்கும். அந்த வரியைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டு வாங்குங்கள்.