எலக்ட்ரானுக்கு எந்த சைஸ் பொட்டு?

நேத்து ராத்திரி ஒன்பதரை மணிக்கு, தூங்கப் போற நேரத்துல, சார்ட் பேப்பரைத் தூக்கிட்டு வந்தா என் பொண்ணு. ஒன்பதாவது படிக்கிறா. சோடியம் அணு வரையணுமாம், காலைல கொடுக்கணுமாம். அஞ்சு ரூபா காயினை வச்சு நடுவுல நியூக்ளியஸ் (அணுக்கரு), சுத்தி அவ அம்மா வளையல், டிபன் தட்டு, பெரிய தட்டுன்னு மூணு வட்டம், அதுல எலக்ட்ரானுக்கு 2, 8, 1ன்னு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டணும். நானும் ஸ்கூல்ல இதே படத்தைத்தான் வரைஞ்சேன், பத்து மார்க் வாங்கினேன், அதோட மறந்தும் போயிட்டேன்.

சும்மா இருந்திருக்கலாம். போனை எடுத்து கணக்கு போட்டுப் பார்த்தேன். சோடியம் அணுவோட குறுக்களவு அதோட நியூக்ளியஸ் மாதிரி சுமார் 50 ஆயிரம் மடங்கு. அப்போ நியூக்ளியஸ் அஞ்சு ரூபா காயின்னா, கடைசி வட்டம் ஒரு கிலோமீட்டருக்கு மேல போகும், எங்க வீட்டு ஹால்ல ஆரம்பிச்சா பஸ் ஸ்டாப் தாண்டி ரேஷன் கடை வரைக்கும் சார்ட் ஒட்டணும். புக்குல படத்துக்குக் கீழ "இது அளவுப்படி வரையல"ன்னு ஒரே ஒரு வரி போட்டா என்ன குறைஞ்சிடும்னு எனக்குப் புரியவே இல்ல.

அவ கேட்டா, "தங்கம் இன்னும் பெருசா இருக்குமாப்பா?" ஆமான்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு, நல்லவேளை தேடிப் பார்த்துட்டு சொன்னேன். சோடியத்துக்கு 11 எலக்ட்ரான், தங்கத்துக்கு 79, எடை எட்டரை மடங்கு, ஆனா அணு சின்னது! ஒரு மில்லிமீட்டர்ல சோடியம் அணுவை வரிசையா அடுக்கினா 27 லட்சம்தான் பிடிக்கும், தங்கம் 35 லட்சம் பிடிக்கும். நடுவுல 79 புரோட்டான் உக்காந்து எல்லா எலக்ட்ரானையும் உள்ள இழுக்குது, அதுலயும் உள்ளடுக்கு எலக்ட்ரான்லாம் ஒளி வேகத்துல பாதிக்கு மேல போறதால ஐன்ஸ்டீனோட ரிலேட்டிவிட்டி வேற சேர்ந்து இன்னும் கொஞ்சம் சுருங்குது. தங்கம் வெள்ளி மாதிரி இல்லாம மஞ்சளா இருக்கறதுக்கும் அதேதான் காரணம். பவுன் விலை ஏறினா மட்டும் பேசுவோம், இதையெல்லாம் யாரும் பேச மாட்டோம்.

இப்போ என் கடுப்புக்கு வர்றேன். வாரம் ஒரு ரீல் வருது, "அணுவுல 99.99 சதவீதம் வெற்றிடம், நீங்க தொடறது எல்லாமே மாயை"ன்னு, பின்னாடி புல்லாங்குழல் மியூசிக்கோட. உலகத்து மக்கள் எல்லாரையும் நியூக்ளியஸ் அடர்த்திக்கு அமுக்கினா ஒரு சக்கரைக் கட்டி அளவுதான்னு சொல்றாங்கல்ல, அந்தக் கணக்கு சரிதான், அணுவோட எடை கிட்டத்தட்ட மொத்தமும் நியூக்ளியஸ்லதான் இருக்கு. ஆனா மிச்ச இடம் காலி வீடு கிடையாது. எலக்ட்ரான் ஏதோ ஈ மாதிரி ஒரு மூலைல சுத்திட்டு இருக்கல, அந்த இடம் பூரா மேகமா பரவி இருக்கு, ஒரு மேகத்துக்குள்ள இன்னொரு மேகம் புக விடாது, அதனாலதான் நீங்க நாற்காலில உக்காந்தா கீழ விழல. மாயைன்னு சொல்றவர் சுவத்துல ஒரு தடவை முட்டிப் பார்க்கட்டும்.

இன்னும் உள்ள போனா புரோட்டான், அதுக்குப் பளிச்சுன்னு ஒரு ஓரமே கிடையாது, மின்சுமை எவ்வளவு தூரம் பரவியிருக்குங்கறதைத்தான் சைஸ்னு சொல்றாங்க. மில்லிமீட்டரை லட்சம் கோடி பங்கு போட்டா ஒரு பங்கு பேரு ஃபெம்டோமீட்டர், புரோட்டானோட ஆரம் 0.88 ஃபெம்டோமீட்டர்னு நம்பிட்டு இருந்தாங்க. 2010ல சுவிட்சர்லாந்து பால் ஷெரர் இன்ஸ்டிடியூட்ல ஒரு குரூப், ஹைட்ரஜன்ல எலக்ட்ரானுக்குப் பதிலா அதைவிட 207 மடங்கு வெயிட்டான மியூவான்ங்கற துகளை வச்சு அளந்தாங்க. அது ரெண்டு மைக்ரோசெகண்ட்ல செத்துடும், ஆனா புரோட்டானை ஒட்டி உரசிட்டுப் போகும், அதனால துல்லியமா காட்டிக் கொடுக்கும். வந்த விடை 0.84. வெறும் நாலு சதவீதம்தான் வித்தியாசம், அதுக்கே பல வருஷம் மண்டையைப் பிச்சுக்கிட்டாங்க, இயற்பியல் விதியே மாறணுமோன்னு வரைக்கும் போச்சு. கடைசில 2019ல கனடாவுல சாதா ஹைட்ரஜனை வச்சு அளந்தப்பவும் சின்ன நம்பர் பக்கமே வந்துச்சு. பழைய அளவுதான் தப்பு. எங்க டெய்லர் நாலு சதவீதம் தப்பா தச்சா நான் கேக்கறதே இல்ல.

எலக்ட்ரான் கதை இன்னும் மோசம். இன்னிக்கு வரைக்கும் எவ்வளவு நெருக்கிப் பார்த்தும் அதுக்கு சைஸ்னு ஒண்ணு தட்டுப்படவே இல்ல, புரோட்டான்ல ஆயிரத்துல ஒரு பங்கு அளவுக்கு இறங்கிப் பார்த்தாலும் வெறும் புள்ளிதான்.

இதையெல்லாம் நான் சொல்லி முடிக்கறப்போ மணி பதினொன்னு. அவ கொட்டாவி விட்டுட்டே பொட்டு அட்டையை நீட்டினா, "சரிப்பா, சைஸே இல்லாததுக்கு இதுல எதை ஒட்டறது?"

இருக்கறதுலயே சின்னதை ஒட்டச் சொன்னேன். அது பத்துதான் இருந்துச்சு, பதினொண்ணாவதுக்கு அவ அம்மாவோட பெரிய மெரூன் பொட்டு.